ஹைலைட் வீடியோவைப் பார்த்து ஆள் எடுக்காதீர்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில், சிறிய, நடுத்தர கான்ஃபரன்ஸ்களில் (கல்லூரிக் குழுக்களில்) ஆடும் ஆண்கள் கூடைப்பந்து அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும், அந்தக் கல்லூரிகளின் விளையாட்டுத்துறை இயக்குநர்களுக்கும்,

ஏப்ரல் பிறந்தால் உங்கள் அலுவலகங்களில் நடப்பது இதுதான். ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியலில்) நீங்கள் குறிவைத்தவர்கள் வேறு கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். அணியில் இரண்டு இடம் காலி. ஒரு ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் நாலு நிமிட வீடியோ அனுப்புகிறார். கேள்விப்படாத ஊர், 208 சென்டிமீட்டர் உயரம் என்று போட்டிருக்கும் ஒரு பையன், பின்னணியில் பாட்டு, வரிசையாக டங்க் (தாவிப் பந்தை வளையத்துக்குள் அழுத்தும் கூடைகள்). இரண்டே நாளில் இடம் கொடுத்துவிடுகிறீர்கள். நவம்பரில் அவனுக்கு ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. ஜனவரியில் அதுவும் இல்லை. மார்ச்சில் "போர்ட்டலில் பெயரைக் கொடுத்துவிடு" என்கிறீர்கள். அடுத்த ஆண்டு அதே நாட்டில் உண்மையிலேயே ஆடத் தெரிந்த ஒருவனைப் பற்றிச் சொன்னால், "அந்த நாட்டுப் பையனை எடுத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை" என்று பதில் வருகிறது.

அந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. வெளிநாட்டு இளையோர் ஆட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது எங்கள் தொழில். நீங்கள் அந்த நாட்டை எடுத்துப் பார்க்கவே இல்லை. ஒரு வீடியோவை எடுத்துப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். பையன் தன் மொழியை, வீட்டை, கிளப்பை விட்டு வந்தான். சரியாகப் பார்க்காதது உங்கள் அலுவலகம். விலை கொடுத்தது அவன்.

யாருக்கும் தெரியாத வீரர்களைக் கண்டெடுத்த கல்லூரிகள் அதிர்ஷ்டத்தால் கண்டெடுக்கவில்லை. கனடாவின் விக்டோரியாவில் இருந்த ஸ்டீவ் நாஷுக்காக அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் 30-க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு எழுதினார். உதவித்தொகை தர முன்வந்தது சான்டா கிளாரா ஒன்றுதான். அந்தக் கல்லூரியின் டிக் டேவி வீடியோவோடு நிற்கவில்லை, நேரில் போய்ப் பார்த்தார். 1996-இல் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவின் வீரர் தேர்வில் 15-ஆவது ஆளாகப் போன நாஷ், 2005, 2006 இரண்டு ஆண்டுகளும் லீக்கின் சிறந்த வீரர். கேமரூனின் பாஸ்கல் சியாகம் 2012-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த 'பாஸ்கெட்பால் விதவுட் பார்டர்ஸ்' முகாமுக்கு வந்தபோது ஆட்டத்துக்கே புதியவர். நியூ மெக்சிகோ ஸ்டேட் அவரை எடுத்தது. 2013-14 பருவம் முழுக்க அவர் களமிறங்கவில்லை. 2016-இல் அந்தக் கல்லூரி அப்போது ஆடிய கான்ஃபரன்ஸின் சிறந்த வீரராகி என்பிஏவுக்குப் போனார். டொரான்டோவின் சாக் ஈடி பத்தாம் வகுப்பு வாக்கில்தான் கூடைப்பந்தைக் கையிலெடுத்தவர். அவர் பள்ளி முடித்த ஆண்டின் தரவரிசையில் முதல் நானூறு பேரில்கூட இல்லை. பர்டூ அவரை எடுத்து, பயிற்றுவித்து, காத்திருந்தது. 2023-லும் 2024-லும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் அவர்தான்.

ருயி ஹச்சிமுரா விஷயத்தை நீங்கள் தனியாகவே படிக்க வேண்டும். 2014-இல் துபாயில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் அதிகப் புள்ளி சராசரி அவருடையது. ஆனால் ஜப்பான் அணி தரவரிசையின் அடிமட்டத்தில் முடித்தது. தோற்கிற அணியில் எல்லாப் பந்தும் தன் கைக்கு வரும் பையனின் புள்ளிக்கணக்கை நம்பலாமா என்பதே அப்போதிருந்த கேள்வி. கொன்ஸாகா அவருடைய உடலசைவையும் கால் வேலையையும் பார்த்து எடுத்தது. முதல் பருவத்தில் அவர் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆடவில்லை. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தார், ஆட்ட அமைப்பைப் புரிந்துகொண்டிருந்தார். 2019-இல் என்பிஏ தேர்வில் 9-ஆவது ஆள். நவம்பரில் ஐந்து நிமிடம் ஆடும் பையனை மார்ச்சில் அனுப்பிவிடும் வழக்கம் அன்று அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

சரியாகப் பார்ப்பது என்றால் என்ன என்று உங்கள் உதவிப் பயிற்சியாளர்களில் பலருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் முழு ஆட்டங்களைக் கேளுங்கள். எட்டு வேண்டும். அதில் இரண்டு, அவன் அணி 20 புள்ளிக்கு மேல் தோற்றவை. இரண்டு, வெளியூரில் ஆடியவை. ஒன்று, அவனே மோசமாக ஆடியது. இவற்றை ஏஜென்ட் தரத் தயங்கினால் கிளப்பின் இளையோர் பிரிவு ஒருங்கிணைப்பாளரிடம் நேரே கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ஃபிபாவின் (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின்) இளையோர் சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் பலவும் இணையத்தில் முழுதாகவே கிடைக்கின்றன. ஐரோப்பாவில் ஏ, பி, சி என்று பிரிவுகள் உண்டு. பி பிரிவை உங்களில் பெரும்பாலோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சிறிய நாட்டில் பிறந்த நல்ல பையன் இருக்கும் இடம் அதுதான்.

வீடியோவில் ஒரு தொல்லை இருக்கிறது. பல இளையோர் அரங்குகளில் இப்போது ஆள் இல்லாமல் தானே பந்தைத் தொடரும் கேமரா வைத்திருக்கிறார்கள். பந்து இருக்கும் பக்கம் மட்டும் திரையில் தெரியும், எதிர்ப்பக்கம் வெட்டுப்பட்டுவிடும். உங்கள் பையன் அந்தப் பக்கம் நின்றால் அவன் உதவித் தடுப்புக்கு வந்தானா, தூங்கினானா என்பது தெரியாது. பாதித் திடலாவது முழுதாகத் தெரியும் அகலப் பதிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் தடுப்பாட்டத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட எழுதாதீர்கள், நேரில் பார்க்கும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

ஒவ்வோர் ஆட்டத்தையும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பந்தைப் பார்க்காமல் பையனை மட்டும் பாருங்கள். தன் அணி ஷாட்டைத் தவறவிட்ட நொடியில் அவன் எடுத்துவைக்கும் முதல் மூன்று அடி திரும்பி ஓடுவதா, நின்று பார்ப்பதா? ஷூட்டரைத் தடுக்க அவனை நோக்கி ஓடும்போது (க்ளோஸ்அவுட்) கடைசி இரண்டு மீட்டரில் அடியைச் சுருக்குகிறானா, நேராகப் பாய்ந்து கடந்துபோகிறானா? பந்து எதிர்ப்பக்கம் இருக்கையில் தன் ஆளையும் பந்தையும் சேர்த்துப் பார்க்கும் கோணத்தில் நிற்கிறானா? ஷாட் மேலே போனதும் உடம்பை வைத்து ஆளை மறிக்கிறானா, பந்தை மட்டும் அண்ணாந்து பார்க்கிறானா? உயரமானவனென்றால், எதிரணியில் ஒருவன் மறித்து நின்றுவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் பிக் அண்ட் ரோலில் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறான், இடுப்பைத் திருப்ப எத்தனை அடி பிடிக்கிறது, முதல் தாவல் வீணானபின் இரண்டாவது தாவல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பாருங்கள். அந்த இரண்டாவது தாவல்தான் கல்லூரி ஆட்டத்தில் ரீபவுண்டாக (தவறிய ஷாட்டைப் பிடிப்பதாக) மாறும். டங்க் தொகுப்பில் அது ஒருபோதும் இருக்காது.

இரண்டாவது முறை பந்தோடு பாருங்கள். பந்து கைக்கு வந்ததும் முதல் தொடுகையில் அடங்குகிறதா? பலவீனமான கையால் வளையத்தருகே முடிக்கிறானா, சுற்றி வந்து நல்ல கைக்கு மாற்றுகிறானா? எதிராளியை மறித்து ஸ்கிரீன் வைத்து, வளையத்தை நோக்கித் திரும்பி, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பின்றி எறியும்) கோட்டருகே பந்தை வாங்கியதும் மூலையில் நிற்பவனைப் பார்க்கிறானா? டர்னோவர் (பந்தை இழந்த) கணக்கைப் பிரித்து எழுதுங்கள். வெளியே போன பாஸ் வேறு, எதிரணி பறித்துக்கொண்டு ஓடியது வேறு. முக்கியமாக, தவறு செய்த அடுத்த வாய்ப்பில் என்ன செய்கிறான் என்று குறியுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஷாட் எடுக்கும்போது முதல் பத்து நிமிடத்தில் இருந்த அதே கால்வைப்பு இருக்கிறதா என்று இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். களைத்த காலில் ஷாட் குட்டையாகப் போகிறவனுக்குக் கல்லூரியின் நீண்ட பருவம் கடினம்.

ஆட்டத்துக்கு 20 நிமிடம் ஆடும் பையனுக்கு எட்டு ஆட்டத்தில் ஏறத்தாழ 280 தடுப்பாட்ட வாய்ப்புகள் சேரும். ஒருவர் உட்கார்ந்து குறித்தால் இரண்டு, மூன்று நாள் வேலை. ஓர் உதவித்தொகைக்கு முன்னால் இது பெரிய உழைப்பு அல்ல.

அடுத்து, எண்கள். உங்கள் மேசையில் இருக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

ஃபிபா வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்து நடக்கிறது. 2026 கோடையின் 18 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 2008 ஜனவரியில் பிறந்தவனும் 2009 டிசம்பரில் பிறந்தவனும் ஒரே திடலில் ஆடுவார்கள். இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அந்த வயதில் இரண்டு ஆண்டு என்பது தோளும் தொடையும் வேறாக இருக்கும் இடைவெளி. சின்னவன் பத்து நிமிடம் ஆடி நாலு புள்ளி எடுத்தால் அதைக் குறைவென்று ஒதுக்காதீர்கள். பெரியவன் 18 புள்ளி எடுத்தால் அதில் வயதின் பங்கைக் கழியுங்கள். எந்த எண்ணின் பக்கத்திலும் பிறந்த மாதத்தை எழுதாமல் அறிக்கை வரக் கூடாது.

மூன்று புள்ளி சதவீதம் இன்னொரு பொறி. ஏழு ஆட்டத் தொடரில் ஒருவன் 28 முறை எறிகிறான் என்று வைத்துக்கொள்வோம். 12 விழுந்தால் 43 சதவீதம், எல்லோரும் கூப்பிடுகிறார்கள். 8 விழுந்தால் 29 சதவீதம், யாரும் கூப்பிடுவதில்லை. இடையில் இருப்பது நாலு பந்து. உண்மையில் 34 சதவீதத் திறமை உள்ளவனுக்கு 28 எறிதலில் 20-லிருந்து 50 சதவீதம் வரை எதுவும் வரலாம். ஆகவே எறிதலைத் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: இரண்டு மூன்று பருவங்களைச் சேர்த்த ஃப்ரீ த்ரோ கணக்கு, எறியத் துணிந்த முறைகளின் எண்ணிக்கை, கால் முதல் விரல் வரை அசைவு மாறாமல் இருப்பது. ஃப்ரீ த்ரோவில் 80 சதவீதம் வைத்திருப்பவன் ஒரு கோடையில் 29 சதவீதம் எறிந்தாலும் அவனை விடாதீர்கள்.

ஆண்கள் லீக்கில் ஆடும் 17 வயதுப் பையனின் கணக்கை இளையோர் லீக் கணக்கோடு கலக்காதீர்கள். ஸ்பெயினின் செகுந்தா ஃபெப், தெர்சேரா ஃபெப், ஜெர்மனியின் ப்ரோ பி போன்ற கீழ்நிலை லீக்குகளில் முப்பது வயது ஆட்களோடு உடம்பு மோதி ஆட்டத்துக்கு 12 நிமிடம் நிற்கிறவன், இளையோர் லீக்கில் 25 புள்ளி எடுப்பவனைவிடக் கல்லூரிக்கு நெருக்கமானவன் என்பது எங்கள் உறுதியான கருத்து. அவனுடைய கணக்கை ஆட்டத்துக்கு இத்தனை என்று படிக்காமல் நிமிடத்துக்கு, வாய்ப்புக்கு இத்தனை என்று மாற்றிப் படியுங்கள். புள்ளிச் சராசரியைவிட, தன் அணி ஷாட்டில் எடுத்த ரீபவுண்ட், பந்து பறித்தல், ஷாட் மறித்தல் ஆகியவை மேல்நிலைக்குப் போனாலும் ஓரளவு தாங்கும். அசிஸ்ட் (கூடைக்கு வழிசெய்த பாஸ்) கணக்கை மட்டும் கவனமாகப் படியுங்கள். ஃபிபா கணக்கெழுத்தில் பாஸ் வாங்கியவன் ஷாட்டில் ஃபவுல் ஆகி ஒரு ஃப்ரீ த்ரோ போட்டாலும் பாஸ் கொடுத்தவனுக்கு அசிஸ்ட் விழும். உங்கள் கணக்கெழுத்தில் விழாது.

விதி வேறுபாடுகளை உங்கள் அலுவலகங்கள் கண்டுகொள்வதே இல்லை என்பது எங்களுக்கு வியப்பு. ஃபிபா விதியில் ஷாட் வளையத்தைத் தொட்டுவிட்டால் மேலே இருக்கும் பந்தை யாரும் தட்டலாம். உங்கள் விதியில் வளையத்துக்கு நேர் மேலே இருக்கும் பந்தைத் தொட்டால் தவறு. ஓர் உயரமான பையனின் ஷாட் மறிப்புகளிலும் உள்ளே தட்டிய கூடைகளிலும் எத்தனை உங்கள் திடலில் செல்லாது என்று ஒன்றொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். சிலரிடம் கணிசமாகவே குறையும். வளையத்தின் கீழ் இருக்கும் பெயின்ட் ஃபிபாவில் 4.9 மீட்டர் அகலம், உங்களிடம் 3.66 மீட்டர். அங்கே பெயின்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதிக்குப் பயந்து வெளியே நின்று வளையத்தைப் பார்த்து ஆடப் பழகிய பையனை நீங்கள் வளையத்துக்குப் பக்கத்தில் முதுகு காட்டி நிறுத்தி, "உள்ளே ஆடத் தெரியவில்லை" என்கிறீர்கள். ஷாட் கிளாக் (ஷாட் எடுக்க வேண்டிய கெடு) அங்கே 24 நொடி, தன் அணி தவறவிட்ட ஷாட்டில் ரீபவுண்ட் எடுத்தபின் 14. உங்களிடம் 30, 20. வேகமாக முடிவெடுக்கப் பழகியவனுக்கு உங்களுடைய நீண்ட அமைப்புகள் முதல் சில மாதம் கால்கட்டாகத்தான் இருக்கும். மூன்று புள்ளிக் கோடு மட்டும் 2019-20 பருவத்திலிருந்து இரண்டு பக்கமும் 6.75 மீட்டர் ஆகிவிட்டது, அதில் சாக்குச் சொல்ல இடமில்லை. கையை வைத்து ஆளைத் தள்ளித் தடுப்பதை உங்கள் நடுவர்கள் 2013-14 முதல் கண்டிப்பாக ஊதுகிறார்கள். எந்தப் பையன் கையால் காக்கிறான், எந்தப் பையன் காலால் காக்கிறான் என்று வீடியோவிலேயே தெரியும். கையால் காப்பவன் முதல் பத்து ஆட்டத்தில் ஃபவுலில் உட்காருவான். அதைத் தெரிந்தே எடுங்கள், தெரிந்தே திருத்துங்கள்.

உடம்பு. கிளப் இணையதளத்தில் இருக்கும் உயரம் ஷூவோடு அளந்தது, சில நேரம் ஆசையோடும் அளந்தது. வெறுங்காலில் உயரம், கை விரித்த நீளம், சுவரோரம் நின்று ஒரு கையை உயர்த்தினால் எட்டும் உயரம் மூன்றையும், நாடா தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 203 சென்டிமீட்டர் ஆட்கள் இருவருக்கு எட்டும் உயரத்தில் பத்து சென்டிமீட்டர் வேறுபாடு சாதாரணம். ஆடும்போது பயன்படுவது அந்த எட்டும் உயரம்தான். ஒரே வாரத்தில் 18 வயதுக்குட்பட்டோர் அணி, கிளப்பின் இரண்டாம் அணி, பெரியவர் அணி என்று மூன்றிலும் ஆடி, கோடையில் தேசிய அணிக்கும் போகிறவனின் முழங்கால் தசைநாரையும் பாத எலும்பையும் பற்றி எழுத்தில் கேளுங்கள். மிக உயரமாகவும், உயரத்தைவிடக் கை விரிப்பு மிக நீளமாகவும் உள்ள பையனுக்கு இதய எக்கோவும் மார்ஃபான் (இதயத்தையும் பாதிக்கும் மரபணு நோய்) பரிசோதனையும் அவன் விமானம் ஏறுமுன் நடக்கட்டும். வந்தபின் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது கொடுமை.

இதற்கெல்லாம் பின்னும் நேரில் போகாமல் முடிவெடுக்காதீர்கள். ஒரு விமானச் சீட்டின் விலை, ஒரு வீணான இடத்தின் விலைக்கு முன் ஒன்றுமில்லை. போகிறவர் ஆட்டத்துக்கு மட்டும் போய்த் திரும்பக் கூடாது. ஒரு சாதாரணப் பயிற்சி, ஓர் ஆட்டம், ஆட்டத்துக்கு மறுநாள் காலைப் பயிற்சி, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில்தான் பையனின் வேலைப் பழக்கம் தெரியும். மாற்றி உட்காரவைத்ததும் பெஞ்சில் எங்கே உட்காருகிறான், டைம்-அவுட்டில் யார் கண்ணைப் பார்க்கிறான், தண்ணீர் புட்டியை உதவியாளரிடம் எப்படிக் கொடுக்கிறான் என்பதெல்லாம் கேமராவில் வராது.

ஒரு பலகையில் உங்கள் அணியின் ஓர் ஆட்ட அமைப்பை வரைந்து, எளிய ஆங்கிலத்தில் ஒரு முறை விளக்குங்கள். பத்து நிமிடம் வேறு பேசிவிட்டு, அவனையே பலகையில் வரையச் சொல்லுங்கள். பின் திடலில் நடந்து காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம் குறைவாக இருந்தும் சரியாக நடந்து காட்டுகிறவன் டிசம்பருக்குள் உங்கள் அணியோடு ஒட்டிவிடுவான். சரளமாகப் பேசியும் இடத்தை மறந்துவிடுகிறவனுக்கு நேரம் பிடிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, நன்றாக ஆங்கிலம் பேசுகிறவனை எடுத்துவிடும் வழக்கம் உங்களிடம் இருக்கிறது.

ஏஜென்டின் மொழிபெயர்ப்பாளரை நம்பிக் குடும்பத்தோடு பேசாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்திலேயே அந்த மொழி தெரிந்த பேராசிரியரோ ஆய்வு மாணவரோ இருப்பார். வீட்டில் முடிவெடுப்பது அப்பாவா, அம்மாவா, மாமாவா, கிளப் தலைவரா என்று கேட்டறியுங்கள். அவனை விரும்பும் பயிற்சியாளரிடம் மட்டும் கேட்காமல், அவனுக்கு எதிராக ஆடிய அணியின் பயிற்சியாளர் இருவரிடமும், கிளப்பின் பிசியோவிடமும், பள்ளி ஆசிரியர் ஒருவரிடமும் கேளுங்கள். "நல்ல பையனா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "போன பருவத்தில் அவனை உட்காரவைத்தபோது என்ன செய்தான்?" என்று கேளுங்கள்.

காகிதங்களை நீங்கள் கடைசியில் பார்க்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியவை அவை. முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 4-க்கு 2.3 சராசரியும் வேண்டும். எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுகளின் கட்டாயம் 2023 ஜனவரியில் நீங்கிவிட்டது. மதிப்பெண் பட்டியல் மூல மொழியிலும், வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பிலும் போக வேண்டும். நாட்டுக்கு நாடு எந்தச் சான்றிதழ் செல்லும் என்று என்சிஏஏவின் தகுதி மையமே கையேடு வெளியிடுகிறது, அதைத் திறந்து பாருங்கள். விளையாட்டுக்காகத் தொழிற்பள்ளிக்கு மாறிய பையன் என்றால் கணிதமும் அறிவியலும் கணக்கில் வருகிறதா என்பதை முதல் வாரத்திலேயே சரிபாருங்கள். பள்ளி முடிக்க வேண்டிய தேதியும் அதே அளவு முக்கியம். கூடைப்பந்தில் அதற்குப் பின் ஓராண்டு சலுகை என்பதே நெடுநாள் விதி. அதையும் தாண்டி ஒழுங்கமைந்த போட்டியில் ஆடினால் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பருவம் கழியும். 19 வயதில் கிளப்பில் ஆடிக்கொண்டிருப்பவனிடம் நான்கு பருவம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் வாங்குங்கள். தகுதி விதிகள் அடிக்கடி மாறுவதால் போன ஆண்டுப் பையனுக்குச் சொன்னதை இந்த ஆண்டுப் பையனுக்குச் சொல்லாதீர்கள்.

2010-இல் கென்டக்கிக்கு வந்த எனெஸ் கான்டருக்கு, துருக்கி கிளப் அவசியச் செலவுக்கு மேல் 33,033 டாலர் கொடுத்திருந்தது என்று என்சிஏஏ தீர்ப்பளித்தது. அவர் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2015-இல் கான்சாஸுக்கு வந்த மாலி நாட்டின் செய்க் டியாலோ, நியூயார்க்கில் படித்த பள்ளியின் பாடங்கள் பற்றிய கேள்வியால் முதல் ஐந்து ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். பணம் பற்றிய பார்வை இன்று தளர்ந்திருக்கிறது. ஆனால் கிளப் ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை இருக்கிறதா, எவ்வளவு, யார் கட்டுவது, எந்தத் தேதிக்குள் என்ற கேள்விகள் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டன. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்வரை மொழிபெயர்த்துப் படிக்காமல் அறிவிப்பு வெளியிடாதீர்கள்.

விசாவும் அப்படித்தான். ஆகஸ்டில் இடம் கொடுத்தால், சேர்க்கை, மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம், தூதரக நேர்காணல் என்று போய்ப் பையன் செப்டம்பர் நடுவில் வந்து சேர்வான். கோடைப் பயிற்சியின் எட்டு வாரத்தையும் இழந்து, பெயர்களே தெரியாத அணியில் நேரத்தூக்கக் குழப்பத்தோடு நிற்பான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவனை உள்ளூர்க் கடை விளம்பரத்துக்கு நிற்கவைத்தால் அவனுடைய விசாவே ஆபத்தில் விழலாம். குடிவரவு வழக்கறிஞர் ஒருவர் படிக்காத எந்தப் பணப் பேச்சையும் பையனிடம் வைக்காதீர்கள். நாடு திரும்பவேண்டி வந்தால் திரும்பப்போவது நீங்கள் அல்ல.

வீரர்களுக்குக் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்க வழிவிட்ட, 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஹவுஸ் வழக்கின் தீர்வுக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 13 உதவித்தொகை என்ற வரம்பு போய், அணியில் 15 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. கூடியிருக்கும் அந்த இரண்டு இடத்தையும் போர்ட்டலில் ஐந்தாவது கல்லூரி தேடுகிறவர்களுக்கே கொடுக்க நீங்கள் முடிவெடுத்துவிட்டதாகத் தெரிகிறது. வளர்த்தெடுக்க வேண்டிய பையனுக்கு ஏற்ற இடம் அதுவே. பெரிய கல்லூரிகளோடு பணத்தில் போட்டியிட முடியாத உங்களுக்குக் கண்ணும் பொறுமையும்தான் முதலீடு. அதையும் விட்டுக்கொடுத்தால் வேறென்ன மிச்சம்?

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

எந்த வெளிநாட்டு வீரனுக்கும் எட்டு முழு ஆட்டம் குறிக்கப்படாமல், உங்கள் பயிற்சியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் இடம் கொடுக்காதீர்கள். அந்தக் குறிப்பில் பிறந்த மாதம், வெறுங்கால் அளவுகள், ஃபிபா விதியில் மட்டும் செல்லும் கூடைகளையும் மறிப்புகளையும் கழித்த கணக்கு இருக்கட்டும்.

விளையாட்டுத்துறை இயக்குநர்களே, வெளிநாட்டுப் பார்வையிடலுக்கென்று தனிப் பயணத் தொகை ஒதுக்குங்கள். அதைப் பணம் திரட்டும் வேலைக்குத் திருப்பாதீர்கள். பயிற்சியாளர் மாறினாலும் அறிக்கைகள் கல்லூரியிலேயே இருக்கட்டும்; ஒவ்வொரு முறையும் மடிக்கணினியோடு சேர்ந்து அவையும் வெளியேறிவிடுகின்றன.

மதிப்பெண் பட்டியல், கிளப் ஒப்பந்தம், விசா மூன்றையும் வாய்மொழி வாக்குக்கு முன்பே உங்கள் விதி அலுவலகம் பார்த்துக் கையெழுத்திடட்டும். வாக்குக் கொடுக்கும் கடைசி நாளை மே மாத முடிவென்று நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்ளுங்கள்.

எடுத்தபின், இரண்டு பருவத்துக்கு உதவித்தொகையை எழுத்தில் உறுதி செய்யுங்கள். முதல் பருவத்தை ஆடாமல் கழிக்க அவன் சம்மதித்தால் அதற்கான எடை, உணவு, ஆங்கிலம், ஆட்ட அமைப்பு என்ற திட்டத்தை மாதவாரியாக அவன் மொழியில் அவன் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

ஒரு பையன் தோற்றால், ஏன் தோற்றான் என்று உங்கள் குறிப்பைத் திறந்து எழுதுங்கள். எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கத் தவறினீர்கள் என்று அந்தக் கோப்பில் இருக்கட்டும். அவன் நாட்டின் பெயரை அதில் காரணமாக எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
வெளிநாட்டு இளையோர் கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவோர் சிலர்